முட்டை குடிக்கும் கோழி

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. கல்லில் சேவலின் உருவம், கூடவே வட்டெழுத்தில் சில சொற்கள். முகையூர் மேற்சேரியின் சார்பில் சண்டைக்கு நின்ற கோழி அது. ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டுக் கல் என்று கணிக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. அது கீழ்ச்சேரிக் கோழிக்கு எடுத்தது. பொற்கொற்றி என்று அதற்குப் பெயர்கூட இருந்திருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்கு எடுப்பதுபோலவே சண்டைச் சேவலுக்கும் கல் எடுத்த ஊர்கள் இவை.

சேவலுக்கு வேறு பெருமைகளும் உண்டு. யானையை எதிர்த்த கோழியின் பெயரால் உறையூருக்கே கோழி என்று பெயர். முருகனின் கொடியில் சேவல்.

பெட்டைக்கு என்ன இருக்கிறது? ஒரு நல்ல சொல் இருக்கிறது, அளகு. கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே அந்தச் சொல் பொருந்தும் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். பட்டினப்பாலையில் முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வருகிற கோழியைப் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டு விருந்தில் வீட்டுப் பெட்டைக்கோழி வாட்டிய கறியாக வருகிறது. ஓரிடத்தில் திருடி, இன்னோரிடத்தில் கறி. இந்த இரண்டுக்கும் நடுவில் அது முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்த காலம்தான் அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி. அதைப் பற்றிக் கல்லும் இல்லை, பாட்டும் அதிகம் இல்லை.

அந்த வரலாற்றை ஒரு புகாரின் வழியாகப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோழி வளர்த்த எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் கேட்ட புகார் அது. திண்டிவனம் பக்கத்தில் அதை இப்படிச் சொல்வார்கள்: "எங்க கோழி முட்டைய குடிச்சிடுது."

*

குடிக்கிறது என்பது சரியான சொல்தான். தன் முட்டையையோ பக்கத்துக் கோழியின் முட்டையையோ அலகால் கொத்தி ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு, பல நேரம் ஓட்டையும் தின்றுவிடும். வைக்கோலில் கொஞ்சம் ஈரமும் அலகோரத்தில் காய்ந்த மஞ்சளும் மட்டும்தான் சாட்சி.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கோழி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. 2022இல் வெளியான ஆய்வுகளின்படி, வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குச் சிந்தின தானியத்தைத் தேடி அது தானாகவே வந்திருக்க வேண்டும். நம் பங்கும் ஒன்று உண்டு. பல வீட்டுக்கோழிகளின் கால் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் இன்றும் கூவித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள்.

காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். புதர் மறைவில், தரையில், இருட்டில். அங்கே ஒரு முட்டை உடைந்தால் என்ன ஆகும்? எறும்பு வரும், மோப்பம் பிடித்துக் கீரி வரும். உடைந்ததைத் தின்றுவிடுவது கூட்டுக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது. இட்ட செலவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். முட்டையை உருட்டி உருட்டிப் பதமாக அடைகாக்கும் அதே அலகுதான் உடைந்த முட்டையைக் காலி செய்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் குற்றமாகத் தெரிவது காட்டில் துப்புரவு வேலை.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், முட்டைகள் அடிக்கடி உடையும்படியான ஓர் இடத்தில் கோழியை வைக்கும்போது. ஒருமுறை தற்செயலாக உடைந்ததைச் சுவைத்த கோழி, அடுத்த முறை தானே உடைக்கக் கற்றுக்கொள்கிறது. அதைப் பார்த்து இன்னொன்றும் கற்றுக்கொள்கிறது.

*

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் வீட்டில் அம்மா எட்டுக் கோழி வளர்க்கிறார். முன்பெல்லாம் கோழி தெருவில் மேயும். இப்போது தெரு முழுக்க சிமெண்ட், பக்கத்து வீட்டுக்காரர் கீரைப்பாத்தி போட்டிருக்கிறார், நாய்த் தொல்லை வேறு. எனவே கொல்லையில் வலை அடித்து உள்ளேயே வைத்துவிட்டார். கடையில் விற்கும் கறிக்கோழித் தீவனம், கொஞ்சம் குருணை, ஒரே ஒரு மரப்பெட்டி. இரண்டு மாதத்தில் முட்டை குறைய ஆரம்பித்தது.

நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஒரு பிழை வந்தால் முதலில் பதிவேட்டைப் பார்ப்பது தொழில் புத்தி. ஒரு வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது பெட்டிக்கு மேலே சின்ன கேமரா ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் பதிவைப் பார்த்தபோது குற்றவாளி சுலபத்தில் அகப்படவில்லை. காலை பத்து மணிவாக்கில் ஒரு கோழி பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொன்று இடம் கேட்டு உள்ளே நுழைகிறது. இரண்டும் முண்டியடிக்கின்றன. முந்தைய முட்டை ஒன்று காலில் மிதிபட்டு விரிசல் விடுகிறது. அரை மணி நேரம் கழித்து, இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒரு சாம்பல் நிறக் கோழி உள்ளே வந்து அதைக் குடிக்கிறது. அம்மா அதுவரை சந்தேகப்பட்டது ஒரு கறுப்புக் கோழியை!

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. குஞ்சு சாகாமல் இருக்கலாம். முட்டை உடையும்.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் அம்மா இதைச் சொன்னபோது ஆயா கேமராவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எட்டுக் கோழிக்கு ஒரு பொட்டி வெச்சா வேற என்னா பண்ணும்? நீ ஒரு ரூம்புல எட்டுப் பேரு புள்ள பெத்துப் பாரு" என்றார். பிறகு, "கோழிய அறுக்காத. மொதல்ல எடத்த மாத்து, அப்புறம் தீனிய மாத்து. அதுக்கும் கேக்கலைன்னா கோழியப் பாத்துக்கலாம்."

இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. இடம், தீனி, கடைசியில்தான் கோழி. உலகம் இந்தப் புகாரை எப்படியெல்லாம் கையாண்டிருக்கிறது என்று தேடிப் படித்தபோது, பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகவே இருந்தது.

*

முதலில் தீனியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஓடு சுமார் 4 கிராம். அதில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை உருவாக ஒரு நாளைக்குச் சற்று அதிகமான நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு பூசும் வேலைக்கே போகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு இரவில் நடக்கிறது. இரவில் தீனி கிடையாது. அப்போது கோழி என்ன செய்யும்? தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். பகலில் தின்று கடனை அடைக்கும்.

முட்டைக்கோழித் தீவனத்தில் 4 சதவீதத்தை ஒட்டி சுண்ணாம்புச் சத்து இருக்கும். கறிக்கோழித் தீவனத்தில் அது ஏறக்குறைய 1 சதவீதம்தான், ஏனென்றால் கறிக்கோழி முட்டையிடப் போவதில்லை. ஒரு நாளைக்கு 80 கிராம் கறிக்கோழித் தீவனம் தின்னும் கோழிக்கு 0.8 கிராம் கிடைக்கும். அதிலும் பாதிதான் உடம்பில் சேரும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கிராமுக்கு மேல் பற்றாக்குறை. ஓடு மெலிகிறது. சில நாள் ஓடே இல்லாத தோல்முட்டை விழுகிறது. கத்திரி வெயிலில் இன்னும் மோசம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறிவிடுவதால், ஓடு செய்யத் தேவையான கார்பனேட்டும் குறைந்துபோகிறது.

மேய்கிற கோழி இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தராமலே சரிசெய்துகொண்டது. நத்தை ஓடு, பூச்சி, அடுப்படிச் சாம்பல், பழைய சுண்ணாம்புச் சுவரின் உதிர்ந்த பூச்சு. எங்கள் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதே நூலில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. நெய்தல் நிலத்தின் கிளிஞ்சல் எப்போதும் எட்டும் தூரம். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசினார்கள், வெற்றிலைக்குத் தடவினார்கள். சுடாமல் நொறுக்கிப் போட்டால் கோழிக்கு ஆகும். ஆயா அதைப் பொழுது சாயும்போது போடச் சொன்னார். காரணம் கேட்டால் "ராத்திரிக்கு வேணும்ல" என்றார். பெரிய துண்டுகளாகப் போகும் கிளிஞ்சல் இரைப்பையில் மெதுவாகக் கரைந்து இரவு முழுக்கச் சுண்ணாம்பு தந்துகொண்டிருக்கும் என்பதைக் கோழியியல் புத்தகங்களும் சொல்கின்றன.

எல்லா நாட்டு வைத்தியமும் இப்படிப் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். முட்டையைக் காலி செய்து உள்ளே மிளகாய்த்தூளை அடைத்து வைத்தால் கோழி வாய் எரிந்து திருந்திவிடும் என்பது உலகம் முழுக்க உள்ள யோசனை. பறவைகளுக்கு மிளகாய் எரியாது. எரிச்சலை உணர்த்தும் புரதம் கோழியின் உடம்பிலும் உண்டு, ஆனால் மிளகாயின் காரப்பொருளுக்கு அது மசிவதில்லை. 2002இல் இதை நிறுவிய ஆய்வுக்குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளி மிளகாய்ப் பழம் தின்பதை வேடிக்கை பார்த்த நமக்கு இது அவ்வளவு பெரிய ஆச்சரியமாக இருக்க வேண்டியதில்லை.

*

இந்தப் புகார் யாருடையது என்பதும் முக்கியம். கொல்லைக்கோழி பெரும்பாலும் பெண்களின் சொத்து. நிலம் ஆண் பெயரில், மாடு ஆண் பெயரில், பால் பணம் சொசைட்டி வழியாக அவர் கைக்கு. கோழியும் முட்டையும்தான் யாரையும் கேட்காமல் அவள் விற்கக்கூடியவை. அந்தப் பணத்துக்கு சிறுவாடு என்று தனிப்பெயர். அரிசிப் பானைக்குள்ளோ அஞ்சறைப்பெட்டிக்குள்ளோ கிடக்கும். பிள்ளைக்கு நோட்டு, தனக்கு மாத்திரை, அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசு. கையில் கோழியே இல்லாதவள் இன்னொருத்தியின் வெடக்கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். பொரிக்கும் குஞ்சில் பாதி அவளுக்கு.

ஆகவே கோழி முட்டையைக் குடித்தால் குடிபோவது அந்தச் சிறுவாடு. அதனால்தான் இந்த அறிவும் பெண்களிடமே இருந்தது. பெட்டைக்கு இருட்டு வேண்டும் என்று பானையைச் சாய்த்து மூலையில் வைத்தார்கள். அடியில் மணல், மேலே வைக்கோல். அந்த இடத்தையே தேடி வரட்டும் என்று கரிக்கோடு போட்ட ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தார்கள். அடைக்கு வைக்கும்போது இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் கூட வைத்தார்கள். அதில் எது அறிவு, எது நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. வருஷத்துக்கு அறுபது முட்டையை ஒட்டி இடுகிற கோழிக்கு இது போதுமானதாக இருந்தது.

*

அந்த அறுபது போதாது என்ற எண்ணம் இங்கே வந்தது 20ஆம் நூற்றாண்டில். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஊரக மறுசீரமைப்பு மையம் தேனோடு சேர்த்து முட்டையையும் ஏழைக் குடும்பத்தின் வருமானமாக்கப் பார்த்தது. அதன் பின்னால் இருந்த அமெரிக்கர் ஸ்பென்சர் ஹேட்ச் 1932இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். வெள்ளை லெகார்ன் கோழியும் கூட்டுறவு விற்பனையும் அந்த முயற்சியில் உண்டு. அந்தக் கட்டத்தில் முட்டை இன்னும் கொல்லையை விட்டுப் போகவில்லை. கோழிதான் மாறியது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மில்டன் ஆர்ண்ட் என்பவர் 1931இல் எழுதிய நூலில் கோழிகளை அடுக்குக் கம்பிக் கூண்டில் வளர்ப்பதை விவரிக்கிறார். அந்தக் கூண்டின் தரை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முட்டை விழுந்தவுடன் உருண்டு கூண்டுக்கு வெளியே வந்து நிற்கும். எடுப்பது சுலபம், கோழிக்கும் எட்டாது.

இதை முதலில் படித்தபோது என் தொழில் புத்தி பாராட்டத்தான் செய்தது. ஆயிரம் ஆண்டுப் புகாருக்கு ஒரு சின்னச் சரிவு பதில் சொல்லிவிட்டது. கோழியைத் திருத்த வேண்டாம், காவல் இருக்க வேண்டாம். முட்டையும் அலகும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தக் கூண்டு முட்டை குடிப்பதை மட்டும் நீக்கவில்லை. இருட்டு மூலை, வைக்கோல், மணல், அடை உட்காருவது எல்லாமே கூடவே போயின. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேவிட் வுட்-கஷ் என்ற ஆய்வாளர் முட்டையிடும் முன் கோழி என்ன செய்கிறது என்பதையே பல ஆண்டுகள் கவனித்தார். மறைவிடம் தேடுவது, கிளறிப் பார்ப்பது, உட்கார்ந்து எழுந்து திரும்ப உட்காருவது. கூண்டில் இருக்கும் கோழிக்குத் தேட எதுவும் கிடையாது, எனவே அது முட்டை வரும்வரை அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறது. இடம் கேட்கும் அந்த நடையைச் சரிவு தீர்க்கவில்லை.

நெருக்கத்தில் வைத்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். அதற்கும் பதில் தேடினார்கள். 1903இல் டென்னசியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் கோழிக்கு மாட்டும் கண்ணாடிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். விளையாட்டு இல்லை, நிஜமாகவே மூக்குக் கண்ணாடி. மற்ற கோழி கண்ணைக் கொத்திவிடாமல் இருக்க. 1930களில் ஒஹையோ வேளாண் ஆய்வு நிலையத்தில் அலகு நுனியை வெட்டும் முறை வந்தது. இன்று பண்ணைகளில் அது வழக்கமான வேலை. கண்ணாடி, வெட்டிய அலகு, சாய்ந்த தரை. மூன்றிலும் இடம் குறைவு என்பது மாறவில்லை, கோழி அதற்கு ஏற்றாற்போல் ஆக்கப்பட்டது.

*

இதைச் சொல்லிவிட்டு நாமக்கல்லைத் திட்டிவிட்டுப் போவது எளிது. என்னால் அது முடியாது. நான் அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டவன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் பி.வி. ராவ் முன்னெடுப்பில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் உருவானது. பண்ணையாளர்கள் வியாபாரிகள் சொன்ன விலைக்கு விற்காமல், தாங்களே விலையை அறிவிக்க ஆரம்பித்தார்கள். 1989இல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. என் காலத்தில் வாரம் ஒன்று. 2010இல் வாரம் ஐந்தானது. லட்சக்கணக்கான தட்டுகளில் ஒரே நாளில் முட்டை வைக்க வேண்டுமென்றால், மேயும் கோழியை நம்பி அது நடக்காது. தூண்களின் மேல் உயர்த்திய கொட்டகை, அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு, ஆண்டுக்கு முந்நூறு முட்டைக் கோழி, முன்னால் உருண்டு வரும் முட்டை. முட்டை நாளன்று பள்ளிக்குக் கட்டாயம் வரும் பையன்கள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தச் சாய்ந்த தரை எங்களுக்கும் சேர்த்துத்தான் சாய்ந்திருந்தது.

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதுதான் நேர்மை. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்கு இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்கும் இடம் 450 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் ஒன்றின் பரப்பு 623. தாளை மேசையில் வைத்து அதன் மேல் ஒரு கோழியைக் கற்பனை செய்துபாருங்கள். பிறகு தாளில் கால்வாசிக்கு மேல் கிழித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் போட்டு, 2012 ஜனவரி முதல் இந்தப் பழைய வகைக் கூண்டைத் தடை செய்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக்கோழியையும் கறிக்கோழியையும் எப்படி வைத்திருப்பது, எப்படி ஏற்றிச் செல்வது என்பதற்காகவே எழுதியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முட்டை கொல்லையிலிருந்து கொட்டகைக்குப் போனபோது அதன் பணமும் இடம் மாறியது. கொட்டகைக்கு நிலம் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், கடனுக்குப் பத்திரம் வேண்டும். பத்திரம் யார் பெயரில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருந்த சிறுவாடு கணக்குப் புத்தகத்தில் ஏறியபோது அதில் வேறு கையெழுத்து இருந்தது.

இப்போது சக்கரம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு ஊரகப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தரும் திட்டங்களை நடத்தியிருக்கிறது. நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலையும் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வலையடித்த கொல்லைகள் பெருகியிருக்கின்றன. ஆனால் மேய நிலம் இல்லை, சுண்ணாம்புச் சுவர் இல்லை, கூடவே இருந்த அறிவும் ஆயாக்களோடு குறைந்துகொண்டிருக்கிறது. கோழி திரும்பி வந்துவிட்டது, அதற்குப் பழகிய இடம் திரும்பி வரவில்லை. எனவே புகார் மட்டும் முதலில் வந்து நிற்கிறது.

*

எங்கள் கொல்லையில் செய்தது இவ்வளவுதான். ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று பானை, சாக்குத் திரைக்குப் பின்னால், நிழலான மூலையில், தள்ளித் தள்ளி. அடியில் நாலு விரல் கனத்துக்கு மணலும் மேலே வைக்கோலும். கறிக்கோழித் தீவனத்தை நிறுத்திவிட்டு முட்டைக்கோழித் தீவனம். சாயங்காலம் ஒரு பிடி நொறுக்கிய கிளிஞ்சல். சும்மா நிற்கும் கோழி எதையாவது கொத்தும் என்பதால் கீரைக்கட்டு ஒன்றை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டார் அம்மா. பெரும்பாலான கோழிகள் மதியத்துக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். ஆகவே ஒன்பது மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை முட்டை எடுத்தார்.

ஒரு பானைக்குப் பதிலாக நான் பலகையைச் சாய்த்து, முட்டை உருண்டு துணி மறைப்புக்குப் பின்னால் போகும்படி ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். ஆர்ண்ட் சொன்ன அதே சரிவு. பெட்டிக்குள் இருட்டும் இருந்தது, கோழி எழுந்து வெளியே போகவும் வழி இருந்தது. இரண்டு கோழிகள் அதை ஏற்றுக்கொண்டன. சரிவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரிவைத் தவிர வேறு எதுவுமே இல்லாமல் போவதுதான் பிரச்சினை.

மூன்று வாரத்தில் ஓடு கெட்டிப்பட்டது. உடைவது நின்றது. உடையாததால் குடிப்பதும் ஏறக்குறைய நின்றது. கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்து பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்தது. இரண்டு கூமுட்டை.

சாம்பல் கோழி மட்டும் திருந்தவில்லை. தனியே அடைத்துப் பார்த்தார், தீனி மாற்றிப் பார்த்தார், இருட்டில் வைத்துப் பார்த்தார். முட்டை கீழே விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பி நின்று கொத்தியது. பழகிப்போனது அவ்வளவு சீக்கிரம் போகாது. அம்மா மறுபடியும் ஆயாவிடம் போனார்.

"எடத்த மாத்துனியா?"

"மாத்துனேன் அத்த."

"தீனி?"

"அதையும் மாத்திட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சிடு" என்றார் ஆயா. "எனக்கு ஈரல குடுத்தனுப்பு."